வரியும் நன்கொடையும்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும், பட்டணத்திலுள்ள என் நண்பர்கள் வருஷந்தோறும் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கோடைக்கு உங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதுதான் அது. என் பதில் அவர்களுக்குத் திருப்தி அளிப்பதில்லை. கல்வராயன் மலை இருக்கிறது என்று சொன்னால், "அருவி உண்டா?" என்கிறார்கள். உண்டு, மேகம் அருவி, பெரியார் அருவி, கவ்வியம் அருவி என்று பெயர் பெற்றவையே மூன்று உண்டு. ஆனால், நமக்கு விடுமுறை விடும் மாதத்திலேதான் அருவிகளும் விடுமுறை எடுத்துக்கொள்கின்றன. மழை நாளில் காதைப் பிளக்கும் பாறையிலே அக்கினி நட்சத்திரத்தின்போது நூல் இழைபோல் நீர் இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், நான்தான் அருவியை ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டதுபோல் என்னைப் பார்ப்பார்கள். கச்சிராயபாளையத்துக்கு அருகே 1965ல் கட்டி முடித்த கோமுகி அணையும் அந்த மாதத்தில் அவ்வளவு செழிப்பாக இராது.

வாஸ்தவத்தில் எங்கள் பக்கத்துக் கோடையைப் பார்க்க வேண்டுமானால் பகலில் வரக்கூடாது, இரவில் வரவேண்டும். ஒரு நாள் வந்தாலும் போதாது. பங்குனி முதல் ஆடி வரையில், அறுவடை முடிந்து நிலம் வெடித்துக் கிடக்கும் அந்த மூன்று நான்கு மாதங்களில், நடுநாட்டுக் கிராமங்கள் பலவற்றில் பாரதம் நடக்கிறது. நடக்கிறது என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். மற்ற ஊர்களில் பாரதத்தைப் படிப்பார்கள், கதையாகச் சொல்வார்கள். இங்கே அது பத்து நாளோ, பதினெட்டு நாளோ, சில ஊர்களில் அதற்கும் மேலோ, ஊருக்குள் நடக்கிறது.

திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. பிற்பகலில் பிரசங்கியார் வந்து உட்கார்ந்து வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அந்த வில்லிபுத்தூரார் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்தாம். வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரித்துப் பாட வைத்தான் என்பது வரலாறு. எனவே, பிரசங்கியார் பாடும்போது அயலூர்ச் சரக்கை விற்பதாக யாரும் நினைப்பதில்லை. பகலில் சொன்ன பகுதியையே இரவில் கூத்து ஜமா ஆடிக் காட்டும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, முகவீணையும் மத்தளமும் முழங்க, விடிய விடிய ஆட்டம். வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில் உரிதல் என்று கதை ஏறிக்கொண்டே போகும். துகில் உரியும் இரவில் துச்சாதனன் வேஷம் போடுகிறவர் திரௌபதியின் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வேஷந்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அது ஒரு பயம்.

அர்ச்சுனன் தபசன்று கதை மேடையை விட்டு இறங்கிவிடும். வெட்டவெளியில் உயரமான பனைமரத்தை நட்டுப் படி கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான்; பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்துக் காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் துரியோதனனை மல்லாந்து கிடக்கும்படி பெரிதாகப் பிசைந்து வைத்து, பீமன் அவன் தொடையைப் பிளக்க, அங்கே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிட, அதைக்கொண்டு திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று காலை விளக்குமாற்றோடு வந்து துரியோதனன் தலையில் நாலு போடு போடாத கிழவிகள் குறைவு. மாலையில் தீமிதி. அப்புறம் தருமர் பட்டாபிஷேகத்தோடு கொடி இறங்கும். இந்த வழிபாட்டை ஆராய்வதற்கென்றே ஆல்ப் ஹில்டெபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செஞ்சிப் பக்கம் வந்து பல ஆண்டு உழைத்து, 1988ல் முதல் பாகத்தை வெளியிட்டார். தடித்த புத்தகம். எங்கள் ஊர்க் கிழவிகளின் விளக்குமாறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரையில் எட்டியிருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

இவ்வளவும் நடப்பதற்குப் பணம் வேண்டும். கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்க வேண்டும். பிரசங்கியாருக்குச் சம்பாவனை, பந்தல், விளக்கு, தீக்குழிக்கு விறகு, ஜமாக்காரர்களுக்குச் சாப்பாடு என்று செலவு நீளும். எப்படிச் சேர்க்கிறார்கள்? இங்கேதான் நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் கணக்கு எழுதும் பெரியவரிடம் நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பத்திகள். ஒன்றுக்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். மணமாகித் தனிக் குடித்தனம் நடத்தும் ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தாலும் சரி, ஒட்டுத் திண்ணை மட்டும் இருந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரே தொகை. மற்றொரு பத்திக்கு நன்கொடை என்று பெயர். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகி வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு திருவிழாவுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். அன்றிரவு கூத்துக்கு நடுவே ஆட்டத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியில் என் பெயரையும், பட்டத்தையும், தொகையையும் சொல்லி, ஊர் சார்பில் நன்றி கூறினார்கள். கட்டியங்காரன் என்னை வைத்து ஒரு ஹாஸ்யமும் சொன்னான். எனக்குப் பெருமையாய் இருந்தது. ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட அதிகமாகக் கொடுத்திருந்தார். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் அவரிடம் இதைக் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு சார் நன்றி? நான் கொடுத்தது வரி. எங்க வீட்டு வேலைக்கு நானே எனக்கு நன்றி சொல்லிக்க முடியுமா?" என்றார்.

அன்று எனக்குப் புரிந்தது, ஒலிபெருக்கியில் என்னைக் கௌரவித்ததோடு என்னை விருந்தாளி என்று பிரித்தும் வைத்துவிட்டார்கள் என்று. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நன்கொடை கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் நன்றி வந்தது. பத்தாவது ஆண்டு, கணக்குப் பெரியவர் வாசலில் நின்று, "வாத்தியாரே, வரி எடுத்து வையுங்க" என்றார். நான் கேட்கவும் இல்லை. அவர் விளக்கவும் இல்லை. அந்த ஆண்டு ஒலிபெருக்கியில் என் பெயர் வரவில்லை. தீமிதியன்று குழிக்கரையில் தண்ணீர்க் குடம் எடுத்து நிற்கும் வேலை எனக்கு வந்தது. ஊர்க் கூட்டத்தில் பேச எழுந்தால் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஒருவர் குறுக்கிட்டு, "உட்காருய்யா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றுகூடச் சொன்னார். நன்கொடையாளரிடம் அப்படிச் சொல்வார்களா?

இந்த நோட்டுப் புத்தகத்திலும் ஓட்டைகள் உண்டு. கணவனை இழந்தவளுக்கு அரை வரி என்பது எங்கள் ஊர் வழக்கம். இரக்கத்தால் ஏற்பட்டது என்பார்கள். தெற்குத் தெருவில் ஓர் அம்மாள், கணவர் இறந்த மறு ஆண்டே, "நான் என்ன அரை ஆளா? முழுசா எழுது" என்று சண்டை போட்டு முழு வரியைக் கட்டினார். இன்றுவரை கட்டுகிறார். பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் கைப்பேசி மூலமாகவே பணத்தை அனுப்பிவிட்டு, "என் பேர் ஏறிடுச்சா?" என்று இரண்டு தரம் கேட்கிறார்கள். பணத்தைவிட அந்தக் கேள்வியில்தான் அவர்களுக்கு அக்கறை.

இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றிப் படிக்கும்போது, இந்த இரண்டு பத்திகளும் அங்கேயும் இருந்திருக்கின்றன என்று காண்கிறேன். ஆங்கிலக் கிராமத்துக் கோடை என்றதும் நமக்குப் படங்களில் கண்ட காட்சி நினைவுக்கு வரும்: பசும்புல் திடல், கூடாரம், தேநீர், வண்ண நாடாக்களைப் பிடித்துக்கொண்டு கம்பத்தைச் சுற்றி ஆடும் சிறுமிகள். தேங்காயைக் கம்பின்மேல் நிறுத்தி வைத்துப் பந்தால் அடித்து வீழ்த்துவது அங்கே ஒரு பெரிய விளையாட்டு. நாம் பிள்ளையாருக்கு உடைக்கிறோம். அவர்கள் பந்தயத்துக்கு வீழ்த்துகிறார்கள். தேங்காய்க்கு எந்தத் தேசத்திலும் நிம்மதி இல்லை.

ஆனால், அந்தக் கம்பம் சும்மா நிற்கவில்லை. 1644ல் பார்லிமெண்ட் சபையினர், இவையெல்லாம் அஞ்ஞானப் பழக்கம் என்று சொல்லி, நாடெங்கும் மேதினக் கம்பங்களை இறக்கிவிட உத்தரவிட்டார்கள். 1660ல் மன்னராட்சி திரும்பி வந்ததும் ஜனங்கள் மறுபடி நட்டார்கள். அதைவிடப் பெரிய கெடுதல் சந்தடியில்லாமல் வந்தது. 1604 முதல் 1914 வரையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்களின் மூலமாக, ஊர்ப் பொது நிலத்துக்கும் திறந்த வயல்களுக்கும் வேலி போட்டுத் தனியார் உடைமை ஆக்கினார்கள். ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர். ஆடுமாடு மேய்ந்த இடம் போனதோடு பல ஊர்களில் ஆடிப்பாடிய இடமும் போயிற்று. எஞ்சியிருக்கும் திடல்களைக் காப்பதற்கு அவர்கள் பிற்பாடு சட்டம் செய்துகொண்டார்கள். 2006ல் வந்த பொது நிலச் சட்டத்தின்படி, ஊரார் ஒரு திடலை யாரிடமும் அனுமதி கேளாமல், யாரும் தடுக்காமல், இருபது ஆண்டுகள் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்தி வந்தால் அதைக் கிராமத் திடலாகப் பதிவு செய்யக் கோரலாம். எங்கள் பக்கத்தில் பாரதக் களமும் மந்தையும் ஆண்டுக்கு ஒரு முழம் சுருங்கி வருவதைப் பார்க்கிறவனுக்கு இந்தச் சட்டத்தின்மேல் பொறாமை உண்டாகும்.

நான் சொல்ல வந்தது அந்த ஊர்களின் சங்கங்களைப் பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிராமங்களில் சிநேக சங்கங்கள் என்று ஏராளமாக இருந்தன. உழவுக் கூலிகள் வாரமோ மாதமோ சில பென்னிகள் கட்டுவார்கள். நோயில் படுத்தால் சங்கம் பணம் கொடுக்கும். செத்தால் அடக்கம் செய்யும். அந்தச் சங்கங்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் உற்சவம். ஈஸ்டருக்கு ஏழாம் வாரத்தில், மேயிலோ ஜூனிலோ வரும் விட்சன் பண்டிகையை ஒட்டி, கொடி பிடித்து, பித்தளைப் பூண் போட்ட கோல் ஏந்தி, பாண்டு வாத்தியத்தோடு ஊரைச் சுற்றி நடந்து, மாதா கோயிலில் வழிபட்டு, விருந்து உண்டு, ஆடிக் களிப்பார்கள். டாமஸ் ஹார்டி 1891ல் வெளியிட்ட 'டெஸ்' நாவலில் கதாநாயகியை நாம் முதன்முதல் காண்பது இப்படி ஒரு பெண்கள் சங்கத்தின் ஊர்வலத்தில்தான். வெள்ளை உடுத்தி நடக்கும் பெண்களை, வழிப்போக்கர்களாக வந்த மூன்று கனவான்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் உள்ளே வந்து சற்று ஆடிவிட்டும் போகிறான். சந்தா கட்டியவர்கள் திடலில். கட்டாதவர்கள் வேலி ஓரத்தில்.

1911ல் தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டம் வந்து, 1948ல் சர்க்கார் மருத்துவம் எல்லாருக்கும் என்று ஆனபின், அந்தச் சங்கங்களுக்கு வேலை குறைந்துபோயிற்று. ஊர்வலங்களும் பெரும்பாலும் நின்றன. ஏழைக்கு வைத்தியம் கிடைத்தது பெரிய நன்மை. அதைக் குறை சொல்லுகிறவன் மனிதன் அல்ல. விட்சன் திங்களுக்கு 1871ல் சட்டம் போட்டுக் கொடுத்த விடுமுறையைக்கூட 1971ல் மே மாதத்துக் கடைசித் திங்களாக மாற்றி எழுதிவிட்டார்கள். விடுமுறை இருக்கிறது, எதற்காக விடுமுறை என்பதுதான் பலருக்கு மறந்துபோயிற்று.

நம்முடைய கூவாகத்துக்கு வருவோம். உளுந்தூர்ப்பேட்டைத் தாலுக்காவில் உள்ள சின்னக் கிராமம் அது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகத் தொடங்கியபோது அதுவும் எங்களோடு வந்து சேர்ந்தது. சித்திரையில் கூத்தாண்டவருக்குப் பதினெட்டு நாள் விழா. நாடெங்குமிருந்து திருநங்கையர் வந்து அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் களப்பலி முடிந்ததும் தாலி அறுத்து வெள்ளை உடுத்துகிறார்கள். பத்திரிகைப் படக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் படம் எடுக்கிறார்கள். அவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. தேரில் ஏறும் அரவானின் திருவுருவை ஒரே ஊர் செய்து முடிப்பதில்லை. ஒரு கிராமத்திலிருந்து புஜம் வரும். இன்னொன்றிலிருந்து இன்னோர் உறுப்பு வரும். சுற்றுப்பட்டு ஊர்கள் தத்தம் பங்கைச் சுமந்து வந்து சேர்த்தால்தான் சாமிக்கு உடம்பு உண்டாகிறது. ஒரு கிராமம் கோபித்துக்கொண்டால் அந்த ஆண்டு சாமி முழுமை ஆகாது. இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ, அவர் மனிதர்களை நன்றாக அறிந்தவர்.

மேலே ஏறினால் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை அது. மலையாளிகள் என்ற பழங்குடியினரின் நாடு. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் மரபுக் கதை. எங்கள் பக்கத்து மலையைச் சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாகப் பிரித்து ஆண்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பின்பும் அங்கே ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்து, 1976ல் சர்க்கார் மலையை ஏற்றுக்கொண்ட பிறகே அந்த ஆட்சி முடிந்தது. வரி என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் வேறு பொருள் இருந்தது என்பதை மறக்கலாகாது.

அந்த மலையில் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்தில் சர்க்கார் கோடை விழா நடத்துவதுண்டு. ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் நடத்துவதைப் பார்த்து இங்கேயும் தொடங்கிய வழக்கம். மலர்க் காட்சி, இலாகாக்களின் பந்தல்கள், மேடையில் கலைநிகழ்ச்சி. கெட்ட காரியம் என்று சொல்ல மாட்டேன். மருத்துவரும் அதிகாரியும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைப்பது மலையில் சாமானிய விஷயமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலைக்குச் சாலை எங்கே, பள்ளி எங்கே, பஸ் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு எந்தப் பந்தலும் நல்லதுதான். ஆனால், அந்த விழா மேடைக்கு முன்னால் நாற்காலிகளில் கீழ்நாட்டார் இருக்க, மலைப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பதைக் கண்டபோது எனக்கு ஹார்டியின் வேலி நினைவு வந்தது. இங்கே வேலி திரும்பிக் கிடக்கிறது. ஊருக்கு உரியவர்கள் வெளியே; வழிப்போக்கர்கள் உள்ளே.

எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் மலைப் பையன் ஒருவன், 'கோடை விடுமுறை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது பத்து வரிதான் எழுதினான். அவனுடைய தாய் தந்தையர் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களைப் போன்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்த பிறகுதான் ஊர்ப் பெரியவர்கள் சாமிக்கு நாள் குறிப்பார்கள். ஆகையால் திருவிழா எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை நிறைய. நான் திருத்தாமல் வைத்திருக்கிறேன். சர்க்கார் விழாவுக்குத் தேதி முன்னாலேயே அச்சாகிவிடுகிறது. இந்த விழாவோ, கடைசி ஆள் பஸ்ஸை விட்டு இறங்கும் வரையில் காத்திருக்கிறது. அந்த ஊர்க் கணக்கிலும் வீட்டுக்கு இவ்வளவு சாமை, இவ்வளவு ரூபாய் என்று இருப்பதாகப் பிற்பாடு அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சர்க்கார் விழாவுக்கு அவர்களிடம் யாரும் ஒரு படி சாமை கேட்டதில்லை. கேட்டிருந்தால், "எங்கள் விழாவை ஏன் இந்தத் தேதியில் வைத்தீர்கள்?" என்று அவர்களும் கேட்டிருப்பார்கள்.

வரி கேட்காமல் இருப்பது ஒரு விதம். கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மறுப்பது இன்னொரு விதம். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது விதந்தான் கொடியது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாத ஐயர் ஹரிஜன சகோதரர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். 1947ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. எண்பது ஆண்டுகளுக்கு அப்பால், 2023 ஜனவரி 2 அன்று, வைகுண்ட ஏகாதசி தினத்தில், எங்கள் ஜில்லாவில் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் போலீஸ் பாதுகாப்போடு நுழைய வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், விழுப்புரம் பக்கம் மேல்பாதியில், சாட்சாத் திரௌபதி அம்மன் கோயிலில் விழா நடக்கும்போது தகராறு மூண்டு, ஜூனில் கோயிலுக்கே முத்திரை வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று கும்பிட முடிந்தது. நிறைந்த சபையில் நியாயம் கேட்டவளின் கோயில் அது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்குள் நுழைவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், போலீஸ் வரும், பத்திரிகை எழுதும். நோட்டுப் புத்தகத்துக்குள் நுழைவதை யார் பார்த்துக்கொள்வது? வரி வாங்கினால் கூட்டத்தில் பேச இடம் கொடுக்க வேண்டும். சாமி அந்தத் தெருவுக்கும் போக வேண்டும். தீக்குழிக்கரையில் வேலை பிரிக்க வேண்டும். இதெல்லாம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வெகு மரியாதையாகவே மறுக்கிறார்கள்.

இந்தப் பங்குனிக் கடைசியில் எங்கள் ஊரில் திருவிழாக் கூட்டம் நடந்தபோது, காலனியிலிருந்து சில வாலிபர்கள் வந்தார்கள். அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். தங்கள் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று மற்றவர்களுக்கு விதித்த அதே தொகையைச் சேர்த்து, ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டத்தில் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பிறகு ஒரு பெரியவர், மிகவும் இதமாக, "சந்தோஷம் தம்பி. நன்கொடையா எழுதிக்கிறோம்" என்றார்.

"நன்கொடை வேண்டாங்க. வரியா எழுதுங்க" என்றான் என் மாணவன்.

"ரெண்டும் சாமிக்குத்தானேப்பா?"

"நன்கொடைன்னா ஒரு ராத்திரி மைக்கில பேர் சொல்லுவீங்க. எங்களுக்கு மைக் வேண்டாங்க."

நான் எழுந்து, அவர்கள் கேட்பது நியாயம் என்றும், எனக்குத் திறந்த பத்தி இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் திறக்காமல் இருப்பது ஊருக்கு அழகல்ல என்றும் சொன்னேன். "வாத்தியார் பத்து வருஷம் பொறுத்தாரு இல்ல?" என்று ஒருவர் கேட்டார். "அவங்க நூறு வருஷமா பொறுத்துட்டாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால், முழு வரி கட்டும் தெற்குத் தெரு அம்மாள். கூட்டத்துக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை, அவர் வருகிறார்.

கணக்குப் பெரியவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், எழுதாமல் மூடினார். மஞ்சள் பையை வாங்கவும் இல்லை; திருப்பிக் கொண்டுபோகச் சொல்லவும் இல்லை. அது அம்மன் கோயில் உண்டியலுக்கு மேல் ஆணியில் தொங்கிற்று. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கூத்து ஜமாவுக்கு அச்சாரம் கொடுக்க வேண்டிய கெடு இந்தச் சித்திரை முடிவதற்குள் வருகிறது. நல்ல ஜமாக்கள் வைகாசிக்குக் கிடைப்பது அரிது. அதற்குள் கூட்டம் போட்டே ஆக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் என்று நேற்றுத் தமுக்குப் போட்டார்கள். எல்லாத் தெருவுக்கும் போட்டார்களா என்று விசாரித்தேன். காலனி முனை வரையில் போய்த் திரும்பியதாகச் சொல்கிறார்கள்.